ஏழாவது குழியும் என் கால் கட்டைவிரலும்

மே 16, வெள்ளி

காலை ஆறு மணிக்கே முதுகில் வெயில். கத்திரி முடிய இன்னும் பத்து நாளைக்கு மேல். திண்டிவனத்தில் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். மோர் கேட்டால் தண்ணீர், தண்ணீர் கேட்டால் வெந்நீர்.

மண்டியில் மல்லாட்டை வரத்து அதிகம், வேர்க்கடலை சீசன். கண்டாச்சிபுரம் பக்கத்து மூட்டைகள் விடிவதற்குள் வாசலில். எடைக்காரர் முனுசாமிக்கு இடுப்புப் பிடிப்பு, தைலம் பூசிக்கொண்டு வந்திருந்தார். ஒரு விவசாயி மோந்து பார்த்துவிட்டு, "இன்னா மொதலாளி, மல்லாட்டையிலயே தைலம் எறக்கிட்டீங்களா?" முனுசாமிக்கே சிரிப்பு. சிரித்தால் வலிக்கிறது என்று அந்த ஆளைத் திட்டினார்.

ரெண்டு நாள் வேலை:
– கீழ்த் தண்ணீர்த் தொட்டி கழுவணும் (ரெஜினா மூணு வாரமாகச் சொல்கிறாள்)
– ஏ.சி.க்காரன். போனே எடுப்பதில்லை
– ஊறுகாய்க்கு மாங்காய், ஐம்பது, நல்ல புளிப்பாக
– கோல்ஃப் ஷூவில் தையல் விட்டுப்போச்சு
– சனி, வானூர், கோல்ஃப், குடும்பத்தோடு
– ஞாயிறு பூசை. அப்புறம் எங்கேயும் போவதில்லை
– பெனியிடம் பேசணும்

கடைசிதான் பெரிய வேலை. மேலே இருப்பதெல்லாம் அதைத் தள்ளிப்போட எழுதினது.

பெனிட்டா ஒரே பொண்ணு. இருபத்தஞ்சு வயசு. சென்னையில் ரெண்டு வருசம் ஆபீஸ் வேலை, பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தாள். இப்போது ஐதராபாத்தில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லணும். நான் மண்டிக்கு வா என்கிறேன். எனக்கு அப்புறம் யார் என்பதற்காக மட்டும் இல்லை. அவளுக்குக் கை தெரியும். ஒரு பிடி மல்லாட்டையை உடைத்துப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். பள்ளிக்கூட லீவு எல்லாம் மண்டியில்தான். முக்காலியில் உட்கார்ந்து நான் எடை சொல்லச் சொல்ல எழுதுவாள். தலையே நிமிராது.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"எனக்கு இன்னாப்பா தெரியும் மல்லாட்டையப் பத்தி?"

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?"

ரெஜினா குழம்பு ஊற்றிக்கொண்டே, "பொறக்கும்போதே தெரிஞ்ச மாதிரிதான் பேசுவாரு உங்கப்பா."

பெனி சிரித்தாள். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். அப்புறம், "திங்கக்கெழம காலைல மண்டில என்னப் பாத்தீங்கன்னா சரின்னு அர்த்தம். பாக்கலன்னா ஐதராபாத். அதுவரைக்கும் கேக்காதீங்க."

சரி என்றேன். வியாபாரத்தில் இந்த மாதிரி பேசுகிற ஆளைத்தான் நம்பலாம்.

நாளைக்கு எங்கள் வியாபாரிகள் சங்கத்துக் குடும்ப தினம். வானூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட், ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். ஒன்றரை வருசம் முன்னால் ஒரு எண்ணெய் மில்காரரைப் பிடிக்கத்தான் அங்கே போனேன். மில்காரர் போய்விட்டார், ஆட்டம் ஒட்டிக்கொண்டது. ரெஜினாவுக்குப் புரியாது. "ஊர்ல தொலைக்க எடமில்லாம வண்டி எடுத்துக்கினு வானூர் போய் பந்தத் தொலைக்கிறாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்கிறேன் என்று தெரிந்தே.

எனக்கு ஏன் பிடித்தது என்று பெனிக்குச் சொன்னேன். நடுவர் கிடையாது. எத்தனை அடி அடித்தோம் என்று ஆடுகிறவனே சொல்லணும். அதை இன்னொருத்தர் கார்டில் எழுதணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.

"நடுவரே கெடையாதா? அப்ப அது உங்க ஆட்டம்தாம்ப்பா," என்றாள்.

அதைக் கேட்டு ஒரு மணி நேரம் கால் தரையில் படவில்லை. குடும்ப தினம் என்பதால் கார்டை வீட்டு ஆள்தான் எழுதணுமாம். என் கார்டை அவள் எழுதுகிறாள்.

ஷூ தைத்தாச்சு. மாங்காய் இன்னும் இல்லை.


மே 17, சனி, சாயங்காலம்

ஜெயித்தேன். முதல் பரிசு. ஒரு முழ உயரத்துக்குக் கப், பித்தளை மாதிரி, பித்தளை இல்லை. ஒன்பது குழிக்கும் சேர்த்து நாற்பத்தாறு அடி. ரெண்டாவது பழனிவேல், நாற்பத்தேழு.

பழனிவேல் காணையில் உரக்கடை வைத்திருக்கிறவர். மூணு வருசமாக ஆடுகிறார், ஒரு தடவைகூட பரிசு வாங்கினதில்லை. நல்ல மனுசன். மனைவியும் பேத்தியும் வந்திருந்தார்கள். அவர் கார்டு அந்த அம்மா கையில். நெல் அளக்கிற மாதிரி "லாபம், ரெண்டு, மூணு" என்று சத்தம் போட்டு எண்ணுகிறார்கள். ஒன்று என்று சொல்ல மாட்டார்களாம், வாயில் வராதாம். பழனிவேல், "ஏ, லாபம்னு எண்ணாத, இந்த ஆட்டத்துல கம்மியா இருந்தாத்தான் லாபம்." அந்த அம்மா, "நீ ஒழுங்கா அடி, நான் ஒழுங்கா எண்றேன்." எல்லோரும் சிரிப்பு. எங்கள் பின்னால் ஆடினவர்களும் லாபம் லாபம் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

ரெஜினா நாற்காலி ஆட்டத்தில் ஜெயித்து ஒரு ஹாட்பாக்ஸ். புளிச்சோறு, அவித்த முட்டை, மாங்காய்த் துண்டு. புல்லில் கோரை நிறைய முளைத்திருக்கிறதே, இத்தனை பேர் வேலைக்கு இருந்தும் பிடுங்க மாட்டார்களா என்று அவளுக்கு ஒரே கவலை.

பரிசு கொடுத்தபோது பழனிவேல்தான் முதலில் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். "அண்ணே, நீங்க ஜெயிச்சது நானே ஜெயிச்ச மாதிரி." சட்டையெல்லாம் வியர்வை. ரெண்டு பேருக்கும்.

வரும் வழியில் ரெஜினா கப்பை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். பெனி பின்சீட்டில் தூக்கம். தூங்குகிற மாதிரி.

கப் இப்போது மாதா படத்துக்குக் கீழே. ரெஜினா வைத்தாள். மே மாசம் பூரா ஜெபமாலை சொல்கிற இடம். அங்கே வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஏழாவது குழியைப் பற்றி எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்.


மே 18, ஞாயிறு, விடிகாலை

எழுதித்தான் ஆகணும். வேறு எங்கே சொல்ல.

ஏழாவது குழி. அடித்த பந்து வலது பக்கம் போய் ஒரு பனை மரத்தடியில். போய்ப் பார்த்தால் வேருக்கும் மரத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு கிடக்கிறது. மட்டையை நுழைக்க வழியில்லை. அந்த மாதிரி மாட்டிக்கொண்டால் ஒரு அடி கூட்டிச் சொல்லிவிட்டுப் பந்தை வெளியில் எடுத்து வைத்து அடிக்கலாம். ரூல் அப்படித்தான். எனக்கு நன்றாகத் தெரியும்.

பழனிவேல் எதிர்ப் பக்கம் தூரத்தில். பெனி கார்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. ஷூவின் முனை உள்ளே போச்சு, பந்து வெளியே வந்தது. ரெண்டு சாண். ஒரு வினாடி வேலை. அப்புறம் அடித்தேன், நல்ல அடி. குழிக்குள் போட்டுவிட்டு, "நாலு" என்றேன்.

பெனி எழுதினாள்.

சொல்லாமல் நகர்த்தினால் ரெண்டு கூட்டணும். நாற்பத்தெட்டு. நான் தோற்றிருக்கணும்.

ஒரு கப்புக்காக இல்லை. கப் என்ன விலை போகும் என்று பார்த்தவுடன் தெரியும் எனக்கு. பெனி பார்க்கிறாள், அவள் முன்னால் ஜெயிக்கணும், திங்கட்கிழமைக்கு முன்னால் இந்த அப்பன் கெட்டிக்காரன் என்று அவளுக்குத் தோன்றணும். அதற்காக. எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

கேவலம் அதோடு முடியவில்லை. அந்தக் கால்.

பதினாலு வயசில் நான் சாக்கு தைக்கச் சேர்ந்த மண்டியில் கொக்கித் தராசு. மூட்டையை மாட்டித் தூக்கினால் தரைக்கு அரைச் சாண் மேலே தொங்கும். எடைபோடுகிறவர் ஒட்டி நின்று கால் கட்டைவிரலை மூட்டைக்கு அடியில் கொடுப்பார். தூக்குவதுகூட இல்லை, சும்மா தாங்குவது. மூட்டைக்கு ரெண்டு கிலோ, மூணு கிலோ போய்விடும். விவசாயி முள்ளைப் பார்ப்பான். காலை யார் பார்ப்பார்கள். மத்தியானம் மண்டி காலியானதும் அந்த ஆள் சுவர் ஓரம் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

சொந்த மண்டி வைத்த அன்றைக்கு, சாமி படம் மாட்டுவதற்கு முன்னால் நான் செய்த வேலை, தராசைச் சுற்றி ரெண்டு அடி தள்ளி மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டது. மூட்டை ஏறினதும் எல்லோரும் கோட்டுக்கு வெளியே. எடைக்காரர், விவசாயி, நான், யாராக இருந்தாலும். இப்போது நம்பர் காட்டுகிற தராசு, ஆனாலும் கோடு இருக்கிறது. வருசா வருசம் புதுசாக அடிக்கிறோம். மஞ்சக்கோட்டு மண்டி என்றுதான் காணை வரைக்கும் பேர்.

பெனிக்கு இந்தக் கதை தெரியும். சின்னப் பிள்ளையில் திரும்பத் திரும்பக் கேட்பாள், அந்த ஆள் எப்படி விரலை வைப்பாரு, செஞ்சு காட்டுங்கப்பா என்று. நான் தலையணையை நிற்கவைத்துச் செய்து காட்டுவேன்.

அவளுக்குச் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அந்த ஆள் ஊருக்குப் போன ஒரு சீசனில் தராசுப் பக்கம் நின்றது நான். விரல் வைத்ததும் நான். ரெஜினாவுக்கே தெரியாது. அதனால்தான் கோடு போட்டேன். மற்றவர்களுக்காக இல்லை.

நாற்பது வருசம் கழித்து, கேட்க ஆள் இல்லாத இடத்தில், கால் தானாகப் போச்சு. மறக்கவே இல்லை அது.

பூசைக்கு நேரமாச்சு. ரெஜினா சத்தம் போடுகிறாள்.


அதே நாள், காலை பத்தரை

பூசை முடிந்து வந்தாச்சு. போயிருக்கவே கூடாது.

நேற்றே ரெஜினா கப்போடு நான் நிற்கிற போட்டோவை கோவில் உபதேசியாருக்கு அனுப்பியிருக்கிறாள். ஃபாதர் அறிவிப்பில், கல்யாண ஓலை வாசித்து, கோவில் கிணறு தூர் வாருவதைச் சொல்லி, கடைசியாக, "நம்ம பங்கைச் சேர்ந்த ஆரோக்கியசாமி அவர்கள் கோல்ஃப் விளையாட்டில் முதல் பரிசு பெற்றிருக்கிறார். வியாபாரத்தில் எப்படி நேர்மையோ, விளையாட்டிலும் அப்படி" என்று ஒரு நிமிசம் பேசினார். எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து பலமாகக் கைதட்டல். ஒரு வாண்டு விசிலே அடித்தது.

பெனி தட்டவில்லை. பாட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் தெரிந்தது, அவள் பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்தால் ஆளாளுக்குக் கை கொடுக்கிறார்கள். "கோல்ஃப்பா? அது இன்னா மாமா, ஹாக்கி மாதிரியா?" என்று ஒருத்தன். ரெஜினாவுக்கு முகமெல்லாம் பல். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாச்சு.

வீட்டுக்கு வந்து கப்பைப் பார்த்தேன். பக்கத்தில் ஹாட்பாக்ஸ். நேர்மையாக ஜெயித்த சாமான் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

பத்து மணிக்குப் பழனிவேல் போன். "அண்ணே, ராத்திரி பூரா யோசிச்சிக்கினு இருந்தேன். ஏழாவதுல உங்க பந்து பனைக்குள்ள மாட்டிக்கிச்சின்னு நெனச்சேன். எப்டிண்ணே அங்கேர்ந்து எடுத்தீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க."

"வெளியதான் கெடந்துச்சு பழனிவேல்," என்றேன்.

இன்னொரு பொய். இது யோசித்துச் சொன்னது.


மத்தியானம்

தொட்டி கழுவினேன். ஆள் வைத்திருக்கலாம், வேண்டாம் என்று நானே இறங்கினேன். லுங்கியை மடித்துக் கட்டி, பிரஷ், பிளீச்சிங் பவுடர். கணுக்கால் வரைக்கும் சேறு. அத்தனை வெயிலிலும் உள்ளே சில்லென்று. பெனி மேலே வாளியில் சேற்றை இழுத்துக் கொட்டி, பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தால் சதுரமாக வெளிச்சம், அதில் அவள் தலை மட்டும். முகம் தெரியாது. அதனால்தான் கேட்க முடிந்தது.

"பெனி."

"இன்னாப்பா, தண்ணி போதுமா?"

"ஏழாவது குழில நீ பாத்துக்கினு இருந்தியா?"

பைப்பை ஓரமாகத் திருப்பினாள்.

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் நாலுன்னு எழுதுன?"

"நீங்க நாலுன்னு சொன்னீங்க."

"பாத்தேன்றியே?"

"பாத்தேன்தான். ஆனா நீங்க சொன்னா எழுதுவேன். அதான பழக்கம்? முக்காலில உக்காந்துக்கினு எத்தினி வருசம் எழுதியிருக்கேன். ஒரு வாட்டிகூட தராசத் திரும்பிப் பாத்ததில்ல."

பிரஷ் கையில் இருந்தது, தேய்க்கவில்லை.

"மண்டி வேற பெனி. இது ஆட்டம்."

"சரிப்பா."

இந்தச் சரியை எனக்குத் தெரியும். விலை பிடிக்காத ஆள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது சொல்கிற சரி.

"அப்பா, நான் எழுதுனது எல்லாம் சரியான எடதான?"

"மாதா மேல சத்தியமா சரி."

"ம்." பைப்பை மாற்றிப் பிடித்தாள். "இதுக்கு முன்னால நீங்க எதுக்கும் சத்தியம் பண்ணதே இல்லப்பா."

உண்மை. மண்டியில் சத்தியம் பண்ணுகிற ஆளிடம் நான் சரக்கே வாங்குவதில்லை.

அந்தப் பழைய சீசனையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. தொட்டிக்குள் எது பேசினாலும் ரெண்டு தடவை கேட்கிறது. சொல்லவில்லை.

ஏறி வந்தேன். துண்டைக் கொடுத்தாள். முதுகில் சேறு என்று அவளே துடைத்தும் விட்டாள். அது இன்னும் கஷ்டம்.


சாயங்காலம் ஏழு

காணை போய் வந்தேன். கப்பை ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு.

பெனியைக் கூப்பிட்டேன். "ஏ.சி.க்காரன் வர்றேன்னு போன் பண்ணிக்கிறான், நான் இருக்கேன்" என்றாள். போனே எடுக்காதவனுக்கு இன்றைக்குத்தான் ஞாபகம்.

விழுப்புரத்தில் நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கினேன். வெறுங்கையாகப் போகக் கூடாது என்று. கப் கொண்டு போகிறவன். பழக்காரர், "எதுனா விசேசமா சார்?" ஆமாம் என்றேன்.

பழனிவேல் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "அண்ணே! சொல்லவே இல்ல!" உள்ளே ஓடி பனியனுக்கு மேல் சட்டை. அந்த அம்மா டீ போடப் போனார்கள். பேத்தி சாக்குப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

டீ வருவதற்குள் சொன்னேன். டீ குடித்த அப்புறம் சொல்லக் கூடாது என்று தோன்றியது. பந்து பனைக்குள்தான் கிடந்தது, காலால் தள்ளினேன், ரெண்டு கூட்டணும், கூட்டவில்லை, காலையில் போனில் சொன்னதும் பொய், கப் உங்களது. மனசில் எழுதிக்கொண்டு போனதெல்லாம் பெரிசு. வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவர் கை நீட்டினார். கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா டீயோடு நின்றுகொண்டிருந்தார்கள். "பேரு எதுவும் வெட்டலியே? நல்லதாப் போச்சு" என்று தம்ளரை வைத்தார்கள். கேலியா, நிஜமாகவே சொன்னார்களா, தெரியவில்லை.

பழனிவேல் கடைசியில், "சங்கத்துல சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும்ல."

"வேணாம்ணே. வுடுங்க. பேஜாரு."

"சொல்லிட்றேன் பழனிவேல்."

தலையாட்டினார். டீ குடித்தோம். வெயில், மழை எப்போது, யூரியா கிடைக்கவில்லை, அந்தப் பேச்சு. கிளம்பி வண்டிக்கு வந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மச்சான் மல்லாட்டை பூரா நான் சொல்லித்தான் உங்க மண்டிக்கு வருது. எட சரியாத்தான இருக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

முப்பது வருசத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். "வந்து பாத்துக்கச் சொல்லுங்க, கோட்டுக்கு வெளிய நின்னு யார் வேணா பாக்கலாம்" என்றேன். மத்தியானம்தான் சத்தியம் பண்ணிக் கெட்டது, அதனால் சத்தியம் பண்ணவில்லை.

வரும்போது டோல்கேட் வரைக்கும் ஏ.சி.யே போடாமல் ஓட்டியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது.

ரெஜினா மாதா படத்துக்குக் கீழே காலி இடத்தைப் பார்த்துவிட்டு, "கப் எங்க?" சொன்னேன். எல்லாம். பனை, கால், பழனிவேல். அவள் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் புள்ளைங்க கை தட்டுச்சுங்களே. அதுங்ககிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

"நீங்கதான்." எழுந்து போய் ஹாட்பாக்ஸை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். அதை ஏன் ஒளித்தாள் என்று கேட்கவில்லை.

ஜெபமாலைக்கு மூணு பேரும் முழங்கால் போட்டோம். பெனி வழக்கம் போல வேகமாகச் சொன்னாள். முடிந்ததும் அறைக்குள் போய்விட்டாள். லேப்டாப் தட்டுகிற சத்தம். ஐதராபாத்துக்குத்தான் எழுதுகிறாளோ என்னவோ. கேட்காதீங்க என்று சொல்லியிருக்கிறாள்.

வரும் வாரம்:
– ஃபாதரைப் பார்க்கணும். அடுத்த ஞாயிறு நானே எழுந்து சொல்கிறேன் என்று
– சங்கச் செயலாளருக்குக் கடிதம். போன் இல்லை, கடிதம்
– மாங்காய் இன்னும் வாங்கவில்லை
– கோல்ஃப் மட்டைகளைப் பரணில் ஏற்றணும் (ரெஜினா: "எதுக்கு? மட்ட இன்னா பண்ணுச்சு?")


மே 19, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பெனி அறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். தட்டவில்லை.

மண்டி. முனுசாமிக்கு இடுப்பு பரவாயில்லை. கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு அம்மா எட்டு மூட்டையோடு முதல் ஆளாக. ஆறரை. ஏழு. முனுசாமி, "ஆரம்பிச்சிடலாமா மொதலாளி?" ஒரு டீ சாப்பிட்டு ஆரம்பிக்கலாம் என்றேன். டீ முடிந்தது. "இன்னொரு டீயா?" என்றார், அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே. அந்த அம்மாவுக்குத் திரும்பிப் போக பஸ் பிடிக்கணும்.

ஏழேகால். சரி, ஐதராபாத் என்று நினைத்துக்கொண்டு முனுசாமிக்குக் கை காட்டினேன். அதற்குள் ஸ்கூட்டர் சத்தம்.

பெனி. தலை ஈரம் காயவில்லை. நேராகப் போய் முக்காலியை எடுத்தாள். எப்போதும் அது மேசையைப் பார்த்துத்தான் இருக்கும், தராசு முதுகுப் பக்கம். தூக்கிக்கொண்டு வந்து தராசைப் பார்த்து, கோட்டுக்கு வெளியே போட்டாள்.

"முனுசாமிண்ணே, மொதல்ல இருவது கிலோ கல்ல வைங்க."

"காலைலயே வெச்சுப் பாத்துட்டேம்மா."

"இன்னொரு வாட்டி வைங்க. எனக்காக."

வைத்தார். இருபது. எழுதினாள். அந்தக் கண்டாச்சிபுரத்து அம்மா, "யாரு, பொண்ணா? ஜோரா கேக்குது" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கண்ணைத் துடைக்கிற மாதிரி வியர்வையைத் துடைத்தேன்.

முதல் மூட்டை ஏறியது. எடையைச் சொல்ல எப்போதும் போல் முன்னால் போய்க் குனிந்தேன்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"கால்."

பார்த்தேன். வலது கால், செருப்பில்லாமல். கட்டைவிரல் மஞ்சளுக்கு உள்ளே. எத்தனை வருசமாக அப்படி நிற்கிறேனோ, ஒருத்தரும் சொன்னதில்லை.

முனுசாமி பார்க்கிறார். அந்த அம்மா பார்க்கிறார்கள்.

"கோட்டுக்கு வெளிய நில்லுங்கப்பா. நானே பாத்து எழுதிக்கிறேன்."

நகர்ந்தேன். ரெண்டு எட்டு பின்னால். அங்கிருந்து எனக்கு நம்பர் தெரியவில்லை.